காலிலும் ஒரு முறை

காலில் பட்டையைச் சுற்றி ரத்த அழுத்தம் பார்க்கும் டாக்டரை அவர் அதுவரை கண்டதில்லை. 2022 டிசம்பர். தெற்கு தில்லியில் ஒரு மாடிக் கிளினிக். தலைவலிக்கு மாத்திரை வாங்கிக்கொண்டு அரை மணியில் ஆபீஸ் திரும்பிவிடலாம் என்றுதான் வந்திருந்தார். வலது கையில் கருவி 168 காட்டியது. சற்றுப் பொறுத்து மறுபடி பார்த்தபோது 166. "படி ஏறி வந்தேன், அதனால் இருக்கும்" என்றார். டாக்டர் தலையாட்டினார். ஆனால் அகலமான பட்டை ஒன்றை எடுத்து வந்து, அவரைப் படுக்கச் சொல்லி, தொடையில் சுற்றினார். 112.

ஆரோக்கியமான உடம்பில் காலின் அழுத்தம் கையின் அழுத்தத்தைவிடக் குறையாது. சற்றுக் கூடுதலாகவே இருக்கும். 50 புள்ளிக்கு மேல் குறைகிறது என்றால் இரண்டுக்கும் நடுவே எங்கோ குழாய் சுருங்கியிருக்கிறது என்று பொருள். டாக்டர் அவருடைய உயரத்தைப் பார்த்தார். கழுத்தைப் பார்த்தார். பிறகு மெதுவாகக் கேட்டார்: "சின்ன வயதில் உங்களுக்கு ஏதாவது பெயர் சொல்லியிருக்கிறார்களா?"

வீட்டுக்கு வெளியே 18 ஆண்டுகளாக ஒருவரிடமும் சொல்லாத பெயரை அவர் சொன்னார். டர்னர்.

அப்போது அவருக்கு வயது 32. உயரம் 4 அடி 7 அங்குலம். ராமகிருஷ்ணபுரம் அரசுக் குடியிருப்பில் வளர்ந்த தமிழ்ப் பெண். மத்திய அரசு அலுவலகம் ஒன்றில் இந்தி மொழிபெயர்ப்பாளர். தமிழ்நாட்டில் உள்ள உறவினர்களுக்கு இந்த வேலை இன்னமும் வேடிக்கை. மூன்று மொழிகளில் கோப்புகளைக் கரைத்துக் குடிக்கும் அவருக்குத் திசை மட்டும் பிடிபடுவதில்லை. கன்னாட் பிளேஸின் வட்டத்துக்குள் நுழைந்தால் ஏ முதல் எஃப் வரை பிளாக் எழுத்துகளைப் பார்த்துப் பார்த்துத்தான் வெளியே வருவார். சக ஊழியர்கள் சிரிப்பார்கள். டர்னர் பெண்களில் பலருக்கு மொழி நன்றாக வரும், இடமும் திசையும் தடுமாறும் என்பது அவர்களுக்குத் தெரியாது. அவருக்கே அது பின்னால்தான் தெரிந்தது.

2004இல் அவருக்கு 14 வயது. வகுப்பில் முதல் பெஞ்சு, பிரார்த்தனை வரிசையில் முதல் ஆள். உடன் படித்த பெண்கள் எல்லாரும் பெரியவளாகிவிட்டார்கள். இவருக்கு அந்த அறிகுறியே இல்லை. "எங்க அத்தை கூடக் குள்ளம்தான். வளருவா" என்று சொல்லிக்கொண்டிருந்த தாய்க்கும் கவலை வந்துவிட்டது. நகரத்தின் பெரிய மருத்துவமனை ஒன்றில் ரத்தம் எடுத்தார்கள். குரோமோசோம்களை எண்ணிப் பார்த்த முடிவு மூன்று வாரம் கழித்து வந்தது. பெண்ணுக்கு இரண்டு எக்ஸ் குரோமோசோம் இருக்க வேண்டும். இவருக்கு ஒன்றுதான் இருந்தது. 46க்குப் பதில் 45.

தந்தை மத்திய அரசில் குமாஸ்தா. முடிவைப் படித்தார். டாக்டர் விளக்கியதை இந்தியிலிருந்து தமிழாக்கி மனைவிக்குச் சொன்னார். உயரம் அதிகம் வராது. மாதவிடாய்க்கு மாத்திரை தர வேண்டும். இயல்பாகக் குழந்தை பிறக்க வாய்ப்பு மிகக் குறைவு. படிப்புக்கு, வேலைக்கு ஒரு தடையும் இல்லை. வீட்டுக்கு வந்ததும் தாய் அந்தக் கோப்பை வாங்கி, பட்டுப் புடவைகளுக்கு அடியில் வைத்து, பீரோவைப் பூட்டினார். "இந்த விஷயம் இந்த வீட்டு வாசலைத் தாண்டக் கூடாது" என்றார். தாண்டவில்லை.

அந்தக் கோப்பில் மூன்றாவது பக்கமும் ஒன்று இருந்தது.

டர்னர் என்ற பெயர் அமெரிக்காவின் ஓக்லஹோமாவில் இருந்த ஹென்றி டர்னர் என்ற டாக்டருடையது. 1938இல் அவர் ஏழு இளம்பெண்களைப் பற்றி எழுதினார். குட்டையான உருவம், இரு பக்கமும் தோல் விரிந்த கழுத்து, வெளிப்புறம் வளைந்த முழங்கை, வராத பருவம். ஜெர்மனியின் ஓட்டோ உல்ரிச் 1930லேயே இப்படி ஒரு சிறுமியை விவரித்திருந்தார். காரணம் 1959இல்தான் தெரிந்தது. சார்லஸ் ஃபோர்டும் அவருடைய சகாக்களும் பிரிட்டனில் ஒரு சிறுமியின் குரோமோசோம்களை எண்ணி, ஓர் எக்ஸ் குறைவதைக் கண்டார்கள். அந்தச் சிறுமிக்கும் வயது 14.

பிறக்கும் பெண் குழந்தைகளில் சுமார் 2,000 முதல் 2,500 பேருக்கு ஒருவருக்கு இது இருக்கிறது. இந்தியாவில் ஆண்டுக்கு ஒரு கோடிக்கு மேல் பெண் குழந்தைகள் பிறக்கிறார்கள். கணக்குப் போட்டால் ஆண்டுக்கு 4,000க்குக் குறையாது. பொதுவாகப் பரம்பரையாக வருவதில்லை. தாய் தின்றதாலோ, நடந்ததாலோ, கிரகணத்தைப் பார்த்ததாலோ வருவதும் இல்லை. கரு உருவாகும் நேரத்தில் நேரும் ஒரு தற்செயல். இத்தகைய கருக்களில் பெரும்பாலானவை பிறப்பு வரை தங்குவதே இல்லை. உயிரோடு வந்து சேர்ந்தவர்கள், ஒரு வகையில், பிழைத்து வந்தவர்கள்.

டர்னர் எழுதியது கண்ணுக்குத் தெரிந்த உடம்பைப் பற்றி. குடும்பங்களும் கண்ணுக்குத் தெரிவதைத்தான் கவனிக்கின்றன: உயரம், கல்யாணம், குழந்தை. ஆபத்து கண்ணுக்குத் தெரியாத இடத்தில் இருக்கிறது. இதயத்திலிருந்து புறப்படும் பெருந்தமனியின் வால்வுக்கு மூன்று இதழ்கள் இருக்க வேண்டும். டர்னர் பெண்களில் நூற்றுக்கு 15 முதல் 30 பேருக்கு இரண்டுதான் இருக்கும். ஏறத்தாழ பத்துப் பேரில் ஒருவருக்கு, பெருந்தமனி தலைக்கும் கைக்கும் கிளை விட்டுக் கீழ்நோக்கி வளையும் இடத்தில் சுருங்கியிருக்கும். தோட்டத்து ரப்பர் குழாயைக் காலால் மிதித்ததுபோல, மிதித்த இடத்துக்கு முன்னால் அழுத்தம் ஏறும், பின்னால் இறங்கும். கைக்கும் தலைக்கும் வேகமான ரத்தம், காலுக்குத் தளர்ந்த ரத்தம். கையில் மட்டும் பார்த்தால் அது வெறும் ரத்தக் கொதிப்பு. காலிலும் ஒரு முறை பார்த்தால்தான் விஷயம் வெளிவரும்.

பிரிட்டனில் 3,439 டர்னர் பெண்களைப் பின்தொடர்ந்த ஆய்வு ஒன்று 2008இல் வெளியானது. அவர்களிடையே மரணம் பொதுமக்களைவிட மூன்று மடங்கு இருந்தது. அந்தக் கூடுதலில் பெரும் பங்கு இதயமும் ரத்தக் குழாய்களும் சம்பந்தப்பட்டது. டென்மார்க்கில் 1998இல் வந்த இன்னொரு ஆய்வில், மூளை ரத்தக் குழாய் நோய்கள் இவர்களுக்குச் சுமார் 2.7 மடங்கு அதிகம் என்று தெரிந்தது. குட்டையாக இருப்பது யாரையும் கொல்வதில்லை. இது கொல்லும்.

அந்த டிசம்பர் இரவு தாயும் மகளும் பீரோவைத் திறந்தார்கள். தந்தை 2016இல் காலமாகிவிட்டார். அவர் ஓய்வு பெற்றபோது வாங்கிய துவாரகா பிளாட்டுக்குக் குடும்பம் மாறி வந்தபோது பீரோவும் வந்தது, கோப்பும் வந்தது, திறக்கப்படாமலே. முதல் பக்கத்தில் குரோமோசோம் எண்ணிக்கை. இரண்டாவதில் மாத்திரை விவரம். மூன்றாவதில், அவசரமான ஆங்கிலக் கையெழுத்தில் நான்கு வரிகள். இதயத்துக்கு எக்கோ எடுக்கவும். சிறுநீரகம் ஸ்கேன் செய்யவும். தைராய்டு பார்க்கவும். ஆண்டுதோறும் ரத்த அழுத்தம், கை, கால் இரண்டிலும்.

மகள் அதை வாய்விட்டுத் தமிழில் படித்தார். வாழ்நாள் முழுவதும் மற்றவர்களின் கோப்புகளை மொழிபெயர்த்தவர், தன் கோப்பை அன்றுதான் மொழிபெயர்த்தார். தந்தை அதைப் படித்தாரா, படித்து மறந்தாரா, பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்று விட்டாரா என்று கேட்க அவர் இல்லை. தாய்க்கு ஆங்கிலம் தெரியாது. கொஞ்ச நேரம் பேசாமல் இருந்துவிட்டுச் சொன்னார்: "குழந்தை பிறக்காதுன்னு டாக்டர் சொன்னார். அதுக்கப்புறம் அவர் சொன்னது எதுவும் என் காதுல விழலை."

மகளுக்குக் கோபம் வந்தது. வருடக்கணக்கான தலைவலி நினைவுக்கு வந்தது. மே மாத வெயில் என்றார்கள், கம்ப்யூட்டர் என்றார்கள், ஒற்றைத் தலைவலி என்றார்கள். மலை மந்திர் படி ஏறினால் கால் அசந்துபோகும், உடம்பு பலவீனம் என்றார்கள். எந்த டாக்டரிடமும் டர்னர் என்ற சொல்லை அவர் சொன்னதில்லை. சொல்லக் கூடாது என்று வளர்க்கப்பட்டவர். பெயரைச் சொல்லாத நோயாளியிடம் டாக்டர்கள் எதைத் தேடுவார்கள்? 20 வயதுக்குப் பிறகு குழந்தைகள் பிரிவுக்குப் போக முடியாது. பெரியவர்கள் பிரிவில் யாரிடம் போவது என்று யாரும் சொல்லவில்லை. ஹார்மோன் மாத்திரையை மட்டும் பழைய சீட்டைக் காட்டி மருந்துக் கடையில் வாங்கிக்கொண்டிருந்தார். அதுவும் சில ஆண்டுகள் நின்று போயிருந்தது. நின்றது எலும்புக்குக் கேடு என்பதும் அப்போதுதான் தெரிந்தது. கோபத்தை எங்கே இறக்குவது? எதிரே உட்கார்ந்திருந்தவர் 60 வயதைத் தாண்டிய ஒரு தாய். மகளைக் காப்பாற்றுவதாக நினைத்துக்கொண்டுதான் அவர் பூட்டியிருந்தார்.

அடுத்த வாரம் பெருந்தமனியின் படம் எடுத்தார்கள். சுருக்கம் அங்கே இருந்தது, பிறந்த நாள் முதல். சரிசெய்யும் முன் தலையையும் ஒரு முறை படம் பிடித்துவிடலாம் என்றார் இதய டாக்டர். காரணம் இருந்தது. இந்தச் சுருக்கத்தோடு பெரியவர்களானவர்களை எம்.ஆர்.ஐ.யில் பார்த்த ஆய்வுகளில், பத்தில் ஒருவருக்கு மூளை ரத்தக் குழாயில் குமிழ் போன்ற வீக்கம் இருந்திருக்கிறது. மற்றவர்களிடம் இது நூற்றுக்கு இரண்டு மூன்று பேருக்குத்தான். பெரும்பாலான குமிழ்கள் உடைவதில்லை. உடைந்தால் பிழைப்பது கஷ்டம். ஏறிய அழுத்தத்தோடு அப்படி ஒன்று இருந்தால் முதலில் தெரிந்துகொள்வது நல்லது.

எம்.ஆர்.ஐ. குகைக்குள் 30 நிமிடம். வெளியே நாற்காலியில் தாய். அவருடைய உதடுகள் அசைந்துகொண்டே இருந்தன.

குமிழ் இல்லை. ஆனால் படத்தில் வேறொன்று இருந்தது. மூளையின் அடியில் ரத்தக் குழாய்கள் சேர்ந்து ஒரு வளையமாகின்றன. 1664இல் தாமஸ் வில்லிஸ் என்ற ஆங்கில டாக்டர் விவரித்ததால் அது வில்லிஸ் வளையம். அந்தப் புத்தகத்துக்குப் படம் வரைந்தவர்களில் ஒருவர், பின்னாளில் லண்டனில் செயின்ட் பால்ஸ் தேவாலயத்தைக் கட்டிய கிறிஸ்டோபர் ரென். முன்பக்கம் கழுத்து வழியே இரண்டு குழாய்கள், பின்பக்கம் முதுகெலும்பை ஒட்டி இரண்டு குழாய்கள் ரத்தம் கொண்டுவருகின்றன. வளையம் அவற்றை இணைக்கிறது. ஒன்று அடைபட்டால் மற்றொன்று சுற்றி வந்து உதவும்.

டாக்டர் காகிதத்தில் வட்டம் போட்டுக் காட்டியபோது அவருக்குச் சிரிப்பு வந்தது. கன்னாட் பிளேஸேதான். நடுவில் வட்டம், சுற்றிலும் வந்து சேரும் சாலைகள். குடியரசு தினத்துக்கு ஒரு சாலையை மூடினால் வண்டிகள் வட்டத்தைச் சுற்றிக்கொண்டு வேறு வழியாகப் போகும். அவருடைய வட்டத்தில் ஒரு துண்டு சரியாக உருவாகவில்லை. மூளையின் பின்பகுதிக்குப் போகும் ஒரு குழாய், பின்பக்கத்திலிருந்து கிளம்பாமல் முன்பக்கத்திலிருந்தே கிளம்பியது. தாயின் வயிற்றில் இருக்கும்போது எல்லாருக்கும் அப்படித்தான். வளர வளரப் பலருக்கு மாறிவிடும். சிலருக்கு மாறாமல் நின்றுவிடும்.

"இது நோயா?" என்று கேட்டார்.

"இல்லை" என்றார் டாக்டர். புத்தகத்தில் இருப்பது போன்ற முழு வளையம் உள்ளவர்களைத் தேடினால் பாதிப் பேருக்குக்கூட இருக்காது. குழாய் இப்படி நின்றுவிட்டவர்கள் ஐந்தில் ஒருவராவது இருப்பார்கள். அவர்கள் கல்யாணம் செய்துகொண்டு, பேரன் எடுத்து, ஒன்றும் தெரியாமலே வாழ்கிறார்கள். ஆனால் வளையம் முழுதாக இல்லாதவருக்கு ஒரு சாலை அடைபட்டால் மாற்று வழி குறைவு. எனவே சாலைகள் கெடாமல் பார்த்துக்கொள்ள வேண்டும். அழுத்தத்தைக் கட்டுக்குள் வைப்பதுதான் அந்தப் பராமரிப்பு.

டர்னர் பெண்களின் மூளை ரத்தக் குழாய்களைப் பற்றி மருத்துவ உலகம் இதயத்தைப் பார்த்த அளவுக்கு இன்னும் பார்க்கவில்லை. பக்கவாதம், குமிழ், கழுத்துக் குழாயின் உள்சுவர் கிழிதல், மோயாமோயா என்று ஜப்பானியர் பெயரிட்ட குழாய் அடைப்பு என்று தனித்தனி நோயாளிகளின் கதைகளாக மருத்துவ இதழ்களில் பதிவாகியுள்ளன. எக்ஸ் குரோமோசோமில் உள்ள சில மரபணுக்கள் குழாய்ச் சுவரைக் கட்டிக் காப்பதில் பங்கேற்கின்றன. ஓர் எக்ஸ் குறைந்தால் அந்தச் சரக்கும் குறையும். பெருந்தமனியின் சுவரைப் பாதிக்கும் ஒரு குறை அதன் கிளைகளை மட்டும் விட்டுவைக்கும் என்று எதிர்பார்க்க முடியாது.

2023 பிப்ரவரியில் தொடை வழியே கம்பியை ஏற்றி, சுருங்கிய இடத்தில் ஸ்டென்ட் வைத்தார்கள். அறுவை இல்லை. மூன்றாம் நாள் வீடு திரும்பினார். கை 130, கால் 134. அத்தோடு முடிந்தது என்று தாய் நினைத்தார். முடியாது என்று டாக்டர் சொல்லிவிட்டார். இத்தனை ஆண்டு அழுத்தம் தாங்கிய குழாய்கள் அதை மறப்பதில்லை. மாத்திரை தொடர வேண்டும். படமும் சில ஆண்டுகளுக்கு ஒரு முறை எடுக்க வேண்டும்.

அளவுகோலும் வேறு. பெருந்தமனி 3.4 சென்டிமீட்டர் அகலம் என்று ஒரு ரிப்போர்ட் வந்தால் பார்ப்பவர் சாதாரணம் என்று எழுதிவிடுவார். ஐந்தரை அடிப் பெண்ணுக்கு அது சாதாரணம்தான். நாலரை அடிப் பெண்ணின் உடம்புக்கு அது பெரியது. அதனால்தான் அகலத்தை உடம்பின் பரப்பளவால் வகுத்துப் பார்க்கச் சொல்கிறார்கள். ஒரு சதுர மீட்டருக்கு 2.5 சென்டிமீட்டரைத் தாண்டினால் குழாய் கிழியும் அபாயம் நெருங்குகிறது. தானமாகப் பெற்ற கருமுட்டையால் தாயாக நினைக்கும் டர்னர் பெண்ணுக்கு இந்தக் கணக்கு உயிர்க் கணக்கு. கர்ப்பத்தில் இதயத்தின் வேலை கூடும். பலவீனமான பெருந்தமனி அப்போது கிழியக்கூடும். கருத்தரிப்பு மையத்துக்குப் போகும் முன் இதய டாக்டரிடம் போக வேண்டும்.

இவை எல்லாம் எழுதி வைக்கப்பட்டுள்ளன. 2016இல் அமெரிக்காவின் சின்சினாட்டியில் நிபுணர்கள் கூடி வகுத்த சர்வதேச நெறிமுறை 2017இல் வெளியாகி, 2024இல் திருத்தப்பட்டது. இந்தியாவில் 2021இன் அரிய நோய்களுக்கான தேசியக் கொள்கை, டர்னர் சிறுமிகளுக்கான வளர்ச்சி ஹார்மோனைத் தன் பட்டியலில் சேர்த்தது. தில்லியில் எய்ம்ஸும் மௌலானா ஆசாத் மருத்துவக் கல்லூரியும் அந்தக் கொள்கையின் சிறப்பு மையங்கள். உயரத்துக்கு ஒரு வழி பிறந்தது நல்லதுதான். சிறுமி பெரியவளான பிறகு அவளுடைய கோப்பு எந்த டாக்டரின் மேஜைக்குப் போகும் என்பதைக் குடும்பம்தான் கேட்டு வாங்க வேண்டியிருக்கிறது. கேட்க வேண்டுமானால் முதலில் பெயரைச் சொல்ல வேண்டும்.

துவாரகா பிளாட்டில் இப்போது ஞாயிறு காலை காபிக்கு முன் ஒரு வேலை நடக்கிறது. தாய் பட்டையைச் சுற்றுகிறார், முதலில் கையில், பிறகு காலில். எண்களைத் தமிழ் மாதக் காலண்டரின் கட்டத்திலேயே எழுதுகிறார். அமாவாசைக்கும் பிரதோஷத்துக்கும் பக்கத்தில் 128, 132.

மகள் இன்னொரு வேலை செய்தார். பரிசோதனைக்குப் போகும்போதெல்லாம் வெளிநோயாளர் பிரிவின் பெஞ்சுகளில், பீகாரிலிருந்தும் ஹரியானாவிலிருந்தும் வந்த தாய்மார் குட்டையான சிறுமிகளோடு உட்கார்ந்திருப்பதைப் பார்த்தார். அவர்கள் கையில் ஆங்கிலச் சீட்டுகள். முகத்தில், 2004இல் தன் தாயின் முகத்தில் இருந்த அதே பார்வை. டாக்டரின் சம்மதத்தோடு, ஒரே பக்கத்தில், என்னென்ன பார்க்க வேண்டும், எப்போது பார்க்க வேண்டும் என்று இந்தியிலும் தமிழிலும் எழுதினார். முதல் வரி இதயம். இரண்டாவது வரி ரத்த அழுத்தம், கை, கால். பிறகு தைராய்டு, காது, எலும்பு.

தமிழ்ப் பிரதியைத் தாயிடம் சரிபார்க்கக் கொடுத்தார். கண்ணாடியைப் போட்டுக்கொண்டு அவர் நிதானமாகப் படித்தார்.

"குழந்தை பத்தி எங்கே எழுதியிருக்கே?"

"கடைசி வரியிலம்மா."

தாய் மறுபடி மேலிருந்து படித்தார். "அங்கேயே இருக்கட்டும்" என்றார்.